வாய் வைத்த பால்

அந்தப் பாட்டுக்காரரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இன்றைக்கும் நாலு கிழவர்கள் எழும்பி நின்று கும்பிடுவார்கள். அந்தக் கும்பிடு என் கையால் அவருக்குப் போகவேண்டாம்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷங்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு றெக்கோட் கடையில் எனக்கு வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மிச்சப் படிப்பெல்லாம் அந்தக் கடை வாசலில்தான். காலையில் கதவு திறந்ததும் கிராமபோன் பெட்டியை வாசலுக்கு நேரே ஒரு முக்காலியில் வைத்து, சாவி கொடுத்து, புது ஊசி மாட்டி, ஒரு இசைத்தட்டை ஓட விடவேண்டும். பாட்டைக் கேட்டுத்தான் சனம் வரும். வந்தவர்கள் வாங்கினார்களோ இல்லையோ, நின்று கதைத்தார்கள். அவர்கள் கதைத்ததை நான் பொறுக்கி வைத்துக்கொண்டேன். நான் சேர்த்த சொத்து அதுதான்.

அந்த நாளில் மூன்று நாலு குரல்கள்தான் தமிழ்ச் சனத்தை ஆண்டன. கோட்டையில் வெள்ளைக்காரக் கவர்னர் இருந்தார், சரி. ஆனால் கவர்னர் எப்படித் தலை வாருகிறார் என்று கொட்டாஞ்சேனையில் ஒருத்தருக்கும் தெரியாது. இந்தப் பாட்டுக்காரர் எப்படி வாருகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். நடு வகிடு, இரண்டு பக்கமும் அலை. எங்கள் கடைக்குப் பக்கத்து சலூன்காரர் சொல்வார்: “தம்பி, எல்லாரும் தங்கடை தலையைக் கொண்டுவந்து தந்துபோட்டு, அவரின்ரை தலையைத் திருப்பித் தரச்சொல்லிக் கேக்கினம். நான் எங்கை போறது?”

ஒரு படத்தில் அவர் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான். கப்பலில் மூட்டை இறக்குகிறவர்கள் முதல் கந்தோர்க் கிளாக்கர்மார் வரை, கொழும்பு வெக்கையில் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வியர்த்து ஊற்றினார்கள். அவர் பாட்டில் ஒரு சொல்லை இழுத்தால், அடுத்த வாரம் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அந்தச் சொல்லை அப்படியே இழுத்துப் பேசுவான். வெளி ஆம்பிளையின் குரல் கேட்காத வீடுகளுக்குள்ளும் அந்தக் குரல் கேட்டுக் கேள்வியில்லாமல் குசினி அடுப்படி வரைக்கும் போய் இருந்துவிட்டு வந்தது. தினமும் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்கிற ஒரு மீன்காரர் என்னிடம் சொன்னார்: “அந்தாள் பாடேக்கை என்ரை பசியும் எனக்குப் பின்னாலை நிண்டு கேக்குது, தம்பி.” அந்தப் பேச்சுக்காகவே அவருக்கு ஒரு தட்டை இரண்டு தரம் போட்டேன்.

நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டு வருஷம் அந்த நடு வகிட்டோடு திரிந்தவன் நான். ஒளிக்க என்ன இருக்கிறது? எங்கள் முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். தொழுகை நேரத்துக்கு மட்டும் பாட்டை நிறுத்தச் சொல்வார், மற்றப்படி ஒன்றும் சொல்லமாட்டார். ஒருநாள் நான் தட்டைத் துடைத்துக் கண்ணில் ஒற்றியதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏன் மனே, சம்பளம் தாற நான், சலாம் மட்டும் அந்தாளுக்கா?”

பிறகு ஒரு பத்திரிகையில் பாட்டுக்காரரின் படத்தோடு செய்தி வந்தது. குரலைக் காப்பாற்ற அவர் காலையும் மாலையும் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால் குடிக்கிறாராம். அவ்வளவுதான் செய்தி. மிச்சத்தைச் சனம் எழுதியது. அவர் குடித்து மிஞ்சின பாலைக் குடித்தால் குரல் வரும் என்றார்கள். அங்கே இந்தியாவில் ஒரு பெண் குடித்தாளாம், மறுநாளே மேடையேறினாளாம். எந்த ஊர், எந்தப் பெண் என்று கேட்டால், “எல்லாருக்கும் தெரிஞ்ச கதை” என்றார்கள்.

எங்கள் கடைக்குப் பின் ஒழுங்கையில் ஒரு அக்கா குடியிருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. புருஷனுக்கு ஹாபரில் கப்பல் வேலை. ஒரே பிள்ளை, பெட்டை, ஐந்து வயது நடக்கிறது. பிள்ளை பேசாது. “ம்… ஆ…” என்று தொண்டைக்குள் ஒரு சத்தம், அதற்கு மேல் இல்லை. பார்க்க என்ன வடிவு! கண்ணாலேயே எல்லாம் கேட்கும்.

அக்கா செய்யாத வைத்தியம் இல்லை. நாக்கில் தேன் தடவினாள், வசம்பு உரைத்துத் தடவினாள். பிறகு கிளி கொத்தின பழத்தைத் தேடினாள். கிளி பேசுகிற பறவை, அது வாய் வைத்த பழத்தைத் தின்றால் பிள்ளைக்குப் பேச்சு வரும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. ஊரில் என்றால் கொய்யாமரத்துக்குக் கீழே போய் நின்றால் போதும். கொட்டாஞ்சேனையில் கிளிக்கு எங்கே போவது? பாமன்கடை என்ற இடத்தில் ஒரு சிங்களப் பெண் கூட்டில் கிளி வளர்க்கிறாள் என்று கேள்விப்பட்டு, கையில் கொய்யாப்பழத்தோடு போய், தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சி, கிளியைக் கொத்தவைத்துக் கொண்டுவந்தாள்.

புருஷன் பகிடிக்காரன். “அது சிங்களக் கிளியப்பா. பிள்ளை நாளைக்குச் சிங்களம் கதைச்சால் நான் என்ன செய்யிறது?”

“எந்தப் பாஷை எண்டாலும் கதைக்கட்டும். பிள்ளை வாய் திறந்தால் போதும்” என்றாள் அக்கா.

அவளுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பக்கத்துக் கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கக் கேட்டிருந்தாள். அங்கேயிருந்த சிஸ்டர் நல்ல மனுஷி. “தை மாசம் கொண்டு வாங்கோ, தன்ரை பேரைத் தான் சொன்னால் சேர்த்துக்கொள்ளுறன்” என்று சொல்லியிருந்தார். பேச்சில்லாத பெட்டையை வீட்டுக்குள் வைத்தால் ஊர் அவளுக்கு என்ன பெயர் வைக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். தைக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பாட்டுக்காரர் இந்தியாவிலிருந்து கொழும்புக்குக் கச்சேரிக்கு வந்தார்.

அக்காவின் யோசனையை நான் குறை சொல்லமாட்டேன். கிளி கொத்தின பழத்திலேயே பேச்சு ஒட்டியிருக்குமென்றால், இந்தப் பெரிய குரல் வாய் வைத்த பாலில் எவ்வளவு ஒட்டியிருக்கும்? வாசலில் நின்று என்னிடம் கேட்டாள்: “தம்பி, உமக்கு உள்ளுக்குப் போக வழி இருக்கெல்லே. ஒரு வாய்ப் பால். ஒரே ஒரு வாய்.”

எனக்கு வழி இருந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு வியாபாரியின் மாடி வீட்டில் பாட்டுக்காரர் மூன்று நாள் தங்கினார். தட்டு விற்கிற கடைகளிலிருந்து ஆளுக்கொருவர் போய் அவருக்கு எடுபிடி நிற்கவேண்டும் என்று ஏற்பாடு. முதலாளி என்னை அனுப்பினார். முதல்நாள் காலையில் நான் குளித்து, திருநீறு பூசி, கோயிலுக்குப் போகிறவன்போல் போனேன்.

மாடி விறாந்தையில் அவர் ஈஸிச்செயரில் சாய்ந்திருந்தார். படத்தில் இருந்த அலை தலையில் இல்லை. பக்கத்தில் ஒருத்தன் சூடான இரும்புக் கம்பியால் அதை மடித்துக்கொண்டிருந்தான். கருகின மயிர் மணம். கால் நகத்தை அவரே வெட்டி, வெட்டினதை வீட்டுக்காரரின் சீனப் பூச்சாடிக்குள் போட்டார். வெற்றிலையைத் துப்ப எழும்பவில்லை. அண்ணாந்து “ம்ம்” என்பார். அவரோடு வந்த கையாள் ஓடிவந்து படிக்கத்தை ஏந்துவான். ஒருதரம் அவன் பிந்திவிட்டான். அவர் அவனுடைய கையிலேயே துப்பினார். அவன் சிரித்தான்! கையைக் கழுவப் போகாமல் நின்று சிரித்தான். நான் அதைப் பார்த்தேன். என் காலுக்குக் கீழே கடல் சத்தம்.

வீட்டுக்காரரின் மனைவி தன் கையால் பன்னிரண்டு கறி வைத்துச் சோறு போட்டாள். பாட்டுக்காரர் ஒவ்வொன்றிலும் விரலை விட்டு நக்கி, பிடிக்காததை இலையிலிருந்து திரும்பச் சட்டிக்குள் வழித்துப் போட்டார். எச்சில் பட்ட கறியை என்ன செய்வது என்று தெரியாமல் அந்த அம்மா சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை எனக்கு மறக்காது. புருஷன் அவள் காதில், “கொட்டாதை. சாப்பிடச் சனம் இருக்கு” என்றார்.

இருந்தது. வீட்டுக்குப் பின்பக்கம், றெயில் பாதையோரம், காலையிலிருந்தே சனம். செம்பு, கோப்பை, சிரட்டைகூடக் கொண்டுவந்திருந்தார்கள். பாட்டுப் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார், நாடகக்காரர், கோயிலில் தேவாரம் பாடுகிற ஒரு பெரிய மனுஷர். ஆசாரமான மனுஷர் அவர். வேறொருத்தர் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார். அவரும் ஒரு வெள்ளிக் கிண்ணத்தை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கடலைப் பார்த்தார்.

கையாள் மதில்மேல் ஏறி நின்று, “தள்ளாதீங்கப்பா, ஐயா இன்னும் பால் சாப்பிடலை. எல்லாருக்கும் ஒரு ஸ்பூன் உண்டு” என்றான். கோயிலில் தீர்த்தம் கொடுக்கிற பாவனை.

இரண்டாம் நாள் பின்னேரம் பால் கொடுக்கிற வேலை என் கையில் வந்தது. குசினியில் காய்ச்சி, மிளகு போட்டு, செம்பில் மேலே கொண்டுபோனேன். அவர் ஒரு வாய் எடுத்தார். விழுங்கவில்லை. அண்ணாந்து தொண்டைக்குள் உருட்டினார். நான் எத்தனையோ தரம் காது கொடுத்துக் கேட்ட அதே தொண்டைக்குள், கறகறவென்று ஒரு சத்தம். உருட்டி முடித்துச் செம்புக்குள்ளேயே துப்பினார். பிறகு இன்னொரு வாய். உருட்டித் துப்பினார். பாலில் வெற்றிலைச் சிவப்பு நூல்நூலாக ஓடியது. இருமிக் காறினார். அதுவும் செம்புக்குள்.

நான் எப்படி நின்றேனோ தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்னப்பா முழிக்கிறே? கொண்டுபோய்க் குடு. நாம துப்பினாலும் குடிக்க நாலு பேர் இருக்கான்.”

படியால் இறங்கினேன். பின்கதவுக்கு வெளியே, முன் வரிசையில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா. கோட்டையிலிருந்து றெயிலேறி வந்திருந்தாள். பிள்ளைக்குப் புதுச் சட்டை, நெற்றியில் பொட்டு. கோயிலுக்கு நேர்த்தி வைத்துக் கூட்டிவந்த பிள்ளைபோல.

நான் குசினிக்குள் திரும்பினேன். செம்பில் இருந்ததைச் சாக்கடைக் கானில் ஊற்றினேன். சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவினேன். அடுப்பில் மிஞ்சியிருந்த நல்ல பாலை ஊற்றிக்கொண்டு வந்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். அக்காவின் பிள்ளைக்கு இரண்டு கரண்டி. பிள்ளை நக்கிக் குடித்துவிட்டு இன்னும் கேட்டு வாயைத் திறந்தது. அக்காவின் கண்ணால் நீர் ஓடியது. அந்தத் தேவாரப் பெரியவர் கிண்ணத்தை வழித்து நக்கினார். நான் செய்தது நல்ல காரியம் என்று நினைத்தேன். சுத்தமான பாலைக் கொடுத்தேன், வேறென்ன?

அன்றிரவு கச்சேரி. எனக்கு முன்வரிசையில் இடம். அவர் வாயைத் திறந்தார். குரல் அப்படியே இருந்தது. தேன்தான். ஒரு குறை இல்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விடக் குமட்டியது. கெட்டுப்போயிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். என் உடம்பு, நான் கேட்காமலே, தாளம் போட்டது. கையை மடியில் அமத்திக்கொண்டு இருந்தேன். மறுநாள் காலை சலூன்காரரிடம் போய்த் தலையை ஒட்ட வெட்டச் சொன்னேன். “இது ஆரின்ரை தலை?” என்று கேட்டார். “என்ரை” என்றேன்.

அக்கா ஒரு மண்டலம் காத்திருந்தாள். நாற்பத்தெட்டு நாள். அது முடிந்த காலையில் பிள்ளையோடு கடைக்கு வந்தாள். வாசலில் அந்த ஆளின் தட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சனம் கேட்கிறதை நான்தானே போடவேண்டும். பிள்ளை நேரே பெட்டியிடம் போனது. அக்கா மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

“தம்பி, ஒரு கதை கேட்பன். மறைக்காமல் சொல்லவேணும். நீர் அண்டைக்குத் தந்தது அவர் வாய் வைச்ச பால்தானே?”

ஓம் என்றிருக்கலாம். ஓம் என்றால் அவள் அந்த நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடுவாள். இல்லையென்றால் நான் கள்ளன். எனக்கு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

“இல்லை அக்கா. அந்தாள் அதுக்குள்ளை காறித் துப்பினான். கொப்பளிச்ச பால். நான் ஊத்திப்போட்டு, நல்ல பால் தந்தனான்.”

எனக்கு நன்றி சொல்வாள் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போல. அவள் முகம் கறுத்தது.

“துப்பினவரோ?”

“ஓம் அக்கா. என்ரை கண்ணாலை கண்டனான். எனக்கு அருவருத்துப் போச்சு.”

“நீ ஆரடா அருவருக்க?” அவள் அதுவரைக்கும் என்னை நீ என்று பேசினதில்லை. “ஆரின்ரை பிள்ளைக்கு ஆர் அருவருக்கிறது? நான் அருவருத்தனானே? அவர் துப்பினதிலைதானேயடா அந்தக் குரல் இருக்கு! என்ரை பிள்ளைக்குக் கிடைச்சதைக் கானுக்குள்ளை ஊத்திப்போட்டு வந்து நிக்கிறாய். உனக்கென்ன, உனக்கு வாய் இருக்கு.”

தெருவில் போனவர்கள் நின்றார்கள். முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பி வந்தார். “தங்கச்சி, தங்கச்சி, கொஞ்சம் பொறுங்க…”

“நீங்க கதையாதேங்கோ ஐயா. நாளைக்கே நான் கப்பலேறி அந்த மனுஷனின்ரை வாசலுக்குப் போறன். தாலியை வித்தாவது போறன்.”

அப்போதுதான் பாட்டு முடிந்தது. நான் பெட்டிப் பக்கம் பார்த்தேன். பிள்ளை முக்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் பெட்டியின் மரப்பலகையில் ஒட்டி, கன்னத்தையும் அதில் வைத்துக்கொண்டு நின்றது. இவ்வளவு நேரமும் அது சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறது. தாய் போட்ட சத்தத்துக்குக் கடைத்தெருவே திரும்பியது, இந்தப் பிள்ளை திரும்பவில்லை. தட்டு நின்றதும் முகம் வாடியது. பலகையைத் தட்டிப் பார்த்தது.

முதலாளியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொண்டுவருகிற தகரத் தட்டையும் ஒரு சுத்தியலையும் எடுத்தார். பிள்ளைக்குப் பின்னால், ஒரு முழத் தூரத்தில் நின்று, ஓங்கி ஒரு அடி அடித்தார். அக்கா துள்ளினாள். நான் துள்ளினேன். வாசலில் நின்ற நாய் ஓடியது. பிள்ளை பலகையைத் தடவிக்கொண்டு நின்றது. இன்னொரு அடி. அப்போதும் திரும்பவில்லை.

“தங்கச்சி,” என்றார் முதலாளி, தட்டைக் கீழே வைத்துவிட்டு. “வருத்தம் வாயில இல்ல. காதுலதான் ஈக்கிது.”

அக்கா அவரைப் பார்க்கவில்லை, பிள்ளையையே பார்த்தாள். பிள்ளை திரும்பித் தாயைக் கண்டு, “ம்… ஆ…” என்று பெட்டியைக் காட்டியது. திரும்ப ஓடவிடச் சொல்லி.

“தாலாட்டுப் பாடினனே” என்றாள் அக்கா. மெல்லமாகத்தான் சொன்னாள். “நாள் தப்பாமல் பாடினனே, ஐயா. ஆருக்குப் பாடினன்?”

நான் போய்ச் சாவி கொடுத்து அந்த ஆளின் தட்டையே திரும்பப் போட்டேன். என்ன செய்வது, பெட்டியில் அதுதான் கிடந்தது. பலகை அதிர, பிள்ளை அதில் கன்னத்தை வைத்துக்கொண்டது.

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த வெறுப்பு அந்த ஆளின்மேல் மட்டும் இல்லை. பாட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத கடை எங்கள் கடை. கேட்கிற காதுகளை வைத்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள். ஐந்து வருஷம் அந்தப் பிள்ளை எங்கள் வாசலால் போய் வந்தது. ஒழுங்கை முழுக்க அதன் வாயைத்தான் பார்த்தோம். தேன், வசம்பு, கிளி, கடைசியில் ஒரு வெற்றிலைவாய்க்காரனின் சளி. கையைப் பிள்ளைக்குப் பின்னால் ஒருதரம் தட்டிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அந்த ஆளின் காலில் விழுந்து கிடந்த எங்களுக்குக் குரல் மட்டும்தான் பெரிது.

முதலாளிக்குத் தெரிந்த ஒரு டொக்டர் பொரளைப் பக்கம் இருந்தார். அவர் காதைச் சோதித்துக் கடதாசி தந்தார். காது கேளாத பிள்ளைகளைப் படிப்பிக்கிற ஒரு பள்ளிக்கூடம் காலி ஊருக்குப் போகிற றோட்டில் தெற்கே இருக்கிறது, எழுதிக் கேளுங்கள் என்றார். அக்கா மூன்று வாரம் கடைப் பக்கம் வரவில்லை. நான் ஒழுங்கையில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பினாள். நாலாம் வாரம் ஒரு காலை, அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த விண்ணப்பப் பத்திரத்தை மேசையில் வைத்தாள். புருஷனுக்கு இங்கிலீஷ் வராது. எனக்கும் கடையில் வந்த விலைப்பட்டியல்களைப் பார்த்துப் படித்த இங்கிலீஷ்தான். இருந்து எழுதினேன். பிள்ளையின் வயது, தகப்பனின் தொழில். பிறகு ஒரு கேள்வி: இதுவரை செய்த வைத்தியங்கள்.

அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவள் விரல் மடித்தாள். “தேன். வசம்பு. கிளி கொத்தின கொய்யாப்பழம்.” ஒவ்வொன்றாக எழுதினேன். கிளி கொத்தினதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வெறும் பழம் என்று போட்டேன். நாலாவது விரலை மடிக்கப் போனவள் நிறுத்தினாள். நான் பேனையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

“அந்தப் பாலை எழுதாதையும், தம்பி” என்றாள். “வாசிக்கிறவைக்கு அருவருக்கும்.”

நான் எழுதவில்லை. தை மாதம் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள்.